சிங்காரிக்கு வைத்த பொட்டு

பாரிவாக்கத்தில் ரோஷினி வீட்டு பைக்குக்குப் பெயர் சிங்காரி. ரோஷினியைவிட அதற்கு நான்கு வயது அதிகம். ஆயுத பூஜைக்கு அதைக் கழுவி, துடைத்து, இண்டு இடுக்கு விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் ரோஷினிதான். கல்யாணப் பெண் தோற்றாள் போங்கள்!

யார் கண் பட்டதோ, மறுநாளிலிருந்து சிங்காரி மக்கர் பண்ணத் தொடங்கியது. வீட்டில் ஸ்டார்ட் ஆகும். வேலப்பன்சாவடி போவதற்குள் நின்றுவிடும்.

"கார்புரேட்டர்தாம்மா. பெட்ரோலும் காத்தும் சரியா கலக்கல," என்றார் அப்பா செங்கல்வராயன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். அதன் திருகை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். வாசலில் இன்ஜின் சமர்த்தாக ஓடும். சாலைக்குப் போனால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னிக்கு ஒரு தபா ஓட்டிப் பாக்குறேன். நின்னுச்சுன்னா பழைய இரும்புக் கடைதான். இன்னாத்துக்கு இத்தக் கட்டிகினு அழணும்?"

ரோஷினிக்கு அழுகையே வந்துவிட்டது. "நானும் வரேம்ப்பா," என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வேலப்பன்சாவடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே சிங்காரி நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று அப்பா டேங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

"பெட்ரோல் நெறைய கீது," என்று முனகியபடி மூடியைப் போட்டுவிட்டுக் கிக்கரை உதைத்தார். சிங்காரி உடனே உறுமியது!

"அப்பா, தெனமும் மூடியைத் தெறந்த அப்புறம்தான் ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆமா. அதுக்கின்னா இப்போ?"

"அம்மா எண்ணெய் டின்னுல ரெண்டு ஓட்டை போடுவாங்கல்ல? காத்து உள்ள போனாத்தான் எண்ணெய் வெளிய வரும்னு. டேங்குக்குள்ள காத்து எப்டிப் போவும்?"

"மூடியிலயே சின்ன ஓட்டை கீதும்மா, இதோ..." என்று குனிந்த அப்பா அப்படியே நின்றார். ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நடுவில் குங்குமம் வேறு.

ரோஷினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான்தாம்ப்பா பொட்டு வச்சேன். அழகா இருக்கும்னு..."

அப்பா சிரித்த சிரிப்பில் சாலையோரம் பூ விற்றவர் திரும்பிப் பார்த்தார். "பாவம், கார்புரேட்டரைப் போயி திட்டிகினு இருந்தேனே!"

ரோஷினி ஹேர்பின்னால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். வீடுவரை சிங்காரி நிற்கவே இல்லை. ஆனால் கார்புரேட்டர் திருகை அப்பா கண்டபடி திருப்பி வைத்திருந்ததால் வழியெல்லாம் இருமியது.

வாசலில் அவர் ஸ்க்ரூடிரைவரை ரோஷினியிடம் கொடுத்தார். "மெதுவா திருப்பு. சத்தம் எங்க சீரா வருதோ, அங்க நிறுத்து."

ரோஷினி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகை மெல்லத் திருப்பினாள். இருமல் குறைந்தது. இன்னும் துளி. 'டுக் டுக் டுக்' என்று இன்ஜின் ஒரே சீராக ஓடியது.

"அதான்! கைய எடு!" என்றார் அப்பா. ரோஷினிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சத்தம் கேட்டு அம்மா கோமளா சந்தனக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். "சிங்காரி பொழச்சிகிச்சா! திருஷ்டி பட்டுடப் போவுது, ஒரு பொட்டு வக்கிறேன்."

"மூடியில மட்டும் வேணாம்!" என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.