பத்தொன்பதாம் தேதி மலர் வளையம்

ஜூன் மாதத்து வங்கி அறிக்கை வழக்கம்போல மே முப்பத்தொன்றாம் தேதி காலையிலேயே வந்துவிட்டது. வெள்ளியங்கிரி பச்சைப் பென்சிலைச் சீவிக்கொண்டு, இனி நடக்கப்போகிற முப்பது நாட்களையும் மேலிருந்து கீழாகப் படித்தார்.

கோயம்புத்தூர் கணபதியில் உள்ள செல்லாண்டியம்மன் கிரைண்டர் ஒர்க்ஸில் அவர் கணக்குப்பிள்ளை. முன்னொரு காலத்தில் கடைக்காரர்கள் முதலில் செலவு செய்தார்கள், வங்கி பிறகு எழுதியது. மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் ஒத்துப்போகவில்லை என்று வியர்வை சிந்துவார். அப்படித் தயாராகும் தாளுக்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று பெயர்.

முன்காணி வந்தபிறகு அந்த வேலை தலைகீழாகிவிட்டது. முன்காணி என்பது வங்கியின் நிலவறையில் இருக்கும் ஓர் இயந்திரம். எந்தக் கடைக்கு, எந்த ஆளுக்கு, எந்த நாளில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்பதை ஒரு மாதம் முன்னதாகவே பைசா சுத்தமாகச் சொல்லிவிடும். சொன்னபடி நடந்ததால் வங்கிகள் நம்பின. வங்கிகள் நம்பியதால் சட்டம் வந்தது. அறிக்கையில் இருக்கிற வரி நடக்காமல் போனாலும் சரி, இல்லாத வரி நடந்துவிட்டாலும் சரி, அது பிசகு. வருஷத்தில் மூன்று பிசகு விழுந்தால் கணக்குக்கு முத்திரை. நோட்டும் சில்லறையும் ஒழிந்துபோன காலம் அது. கணக்கு இல்லாதவனால் ஒரு கட்டு கீரைகூட வாங்க முடியாது.

ஆகவே, ‘12: மோட்டார் பெல்ட் அறுந்தது, 640’ என்று அறிக்கையில் இருந்தால், பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்பார்கள். பெல்ட் தானாக அறாவிட்டால் லேத்துக்கார மாரப்பன் பிளேடால் அறுத்துவிடுவான். வெள்ளியங்கிரி அந்த வரிக்கு ரசீதை ஒட்டி, பச்சைப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். இப்போது சரிக்கட்டு என்பது இதுதான்.

அந்த வருஷம் கம்பெனிக்கு ஏற்கெனவே இரண்டு பிசகு. ஜனவரியில் ஒரு வாடிக்கையாளர் சொல்லாமல் கொள்ளாமல் கிரைண்டரைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். மார்ச்சில் முதலாளி சென்னியப்பன் வலி தாங்காமல், அறிக்கையில் இல்லாத ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

வெள்ளியங்கிரியின் பென்சில் பாதிப் பக்கத்தில் நின்றது.

‘19: மலர் வளையம், நிறுவனத்தைச் சேர்ந்தவர் மறைவு, 2,340.’

‘21: மரணச் சான்று, 100.’

‘30: சம்பளம், 45,000.’

அவர் பதறவில்லை. வித்தியாசம் வந்தால் முதலில் வித்தியாசத்துக்குச் சமமான தொகை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், அது தொழில். மூன்று பேர் சம்பளம் மாதம் அறுபத்து மூவாயிரத்து ஐந்நூறு. அதில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு குறைகிறது. அந்தத் தொகை அவருக்கு நன்றாகப் பழக்கம். மாதா மாதம் அவர் வாங்குவது அதைத்தான்.

“என்னங்ணா, மொகம் இப்படிப் போச்சு?” என்றாள் அருக்காணி. கிரைண்டர் கல் கொத்துகிறவள். உளியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

அவர் வரியைக் காட்டினார். அவள் மூன்றையும் படித்து, வாய்க்குள் கழித்துப் பார்த்தாள்.

“அடக் கடவுளே. உங்க சம்பளம் இவ்வளவுதானுங்களா?”

முதலாளிக்கும் விஷயம் போயிற்று. சென்னியப்பன் கெட்டவர் அல்ல. அன்று முதல் கணக்குப்பிள்ளைக்கு மட்டும் இரண்டு வேளை டீ என்று உத்தரவிட்டார். அந்த இரண்டாவது டீ அறிக்கையில் இல்லாததால், தன்னுடையதைக் கொடுத்தார்.

“ஒடம்புக்கு எதுனா பண்ணுதுங்களா, கணக்குப்புள்ளே?”

“ஒண்ணும் இல்லீங்க மொதலாளி. நல்லாத்தான் இருக்கறனுங்க.”

“அப்படீங்களா,” என்றார் சென்னியப்பன். குரலில் கொஞ்சம் கவலை தெரிந்தது.

ஐந்தாம் தேதி பூக்கடை ராக்கியண்ணன் வந்தார். அவருடைய அறிக்கையில் அந்த 2,340 வரவாக இருந்தது.

“யாருக்குன்னு கேக்கலாமுங்களா?”

“எனக்குத்தானுங்க.”

ராக்கியண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். “ரொம்ப வருத்தமுங்க. சம்பங்கியா சாமந்தியா? எனக்கும் ரெண்டு பிசகு ஆயிருச்சு. அதுதான் இன்னைக்கே கேட்டுட்டுப் போலாம்னு.”

வெள்ளியங்கிரி சம்பங்கி என்றார். சீக்கிரம் வாடாது என்பது அவர் எண்ணம்.

அவரைத் தேற்ற முயன்றது மாரப்பன் ஒருவன்தான். “அறிக்கைக்குப் பயந்தா முடியுமுங்களா அண்ணா? போன வருஷம் பாருங்க, ‘மாரப்பன் கல்யாணம்’னு வந்துச்சு. அப்பவே எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிசகாயிரக் கூடாதேன்னு, கட்டுன பொண்டாட்டிக்கே மறுபடியும் தாலி கட்டுனேன். அவளும் அழுதா, நானும் அழுதேன். கம்பெனி மொய்கூட வெச்சாங்க.”

வெள்ளியங்கிரிக்கு அந்த மொய் நினைவிருந்தது. இருந்தாலும் பழக்கதோஷத்தில் போன வருஷத்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ‘மாரப்பன் கல்யாண மொய், 2,002.’ பக்கத்தில் அவரே போட்ட பச்சை டிக்.

இரண்டாயிரத்து இரண்டு.

ஊரில் எவன் மொய் இரண்டில் முடிப்பான்? நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று. ஒற்றை ரூபாய் சேர்க்காமல் கை நீட்டினால் கல்யாண வீட்டில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். வருங்காலத்தையே பார்க்கிற இயந்திரத்துக்கு இது தெரியாமலா இருக்கும்? தொகை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து டிக் போட்ட தன் கண்ணையும் அவர் நொந்துகொண்டார். பிறகு பாதியாக்கினார். ஆயிரத்தொன்று.

பரணிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏட்டை இறக்கினார். மாரப்பனின் முதல் கல்யாணம் அதில் இருந்தது, மொய் ஆயிரத்தொன்று. அதற்கு அடுத்த வருஷ ஏட்டில் ஜூன் மாதத்தைப் பிரித்தார். பத்தொன்பதாம் தேதி, மலர் வளையம், 1,170. இருபத்தொன்று, மரணச் சான்று, 50. முப்பது, சம்பளம், 22,500. செத்தவர் பழைய கணக்குப்பிள்ளை கனகசபை. இதே நாற்காலியில் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தவர், கூட்டல் முடியாமலே சாய்ந்தார் என்று சொல்வார்கள். அடுத்த மாதம் அந்த நாற்காலிக்கு வந்தவர் வெள்ளியங்கிரி.

மறுநாள் அவர் வங்கிக்குப் போனார். கிளையில் இருந்த ஒரே அதிகாரி பிரமிளா, இரண்டு ஏடுகளையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“முன்காணி செத்து ஆறு வருஷம் ஆச்சு சார்.”

“செத்துருச்சுங்களா?”

“கணிக்கிற பாகம் செத்துருச்சு. சரிபார்க்கிற பாகம் நல்லாத்தான் இருக்கு. அதோட சேமிப்புல பழைய பதினோரு வருஷத்துக் கணக்கு இருந்தது. அதையே முதல்லேர்ந்து அனுப்பிட்டிருக்கு. விலைவாசிக்காக ரெண்டால பெருக்கிக்குது.”

“ரிப்பேர் பண்ணலாமில்லீங்களா மேடம்?”

“எங்க வங்கியோட அறிக்கையில ரிப்பேர் செலவுன்னு ஒரு வரி இதுவரைக்கும் வரலையே சார்.”

வெள்ளியங்கிரிக்கு அதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை. “ஆறு வருஷமா ஊருல ஒருத்தருக்கும் தெரியலீங்களா?”

“வந்ததே திரும்பத் திரும்ப வருதுன்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்க. வாழ்க்கைன்னா அப்படித்தானேன்னு அவங்களே போயிட்டாங்க.”

“அப்ப பத்தொம்பதாந் தேதி வரி எனக்கில்லீங்க. கனகசபைக்கு. அவரோட சான்றையே வெச்சுரலாமுங்களே?”

“அதை ஒரு தடவை ஒட்டியாச்சே சார். ஒரு சீட்டை ரெண்டு வரிக்கு ஒட்ட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாததா.”

தெரியும். அவரே பலருக்குச் சொன்னதுதான்.

பட்டறைக்குத் திரும்பி எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். இயந்திரத்துக்கு வருங்காலமே தெரியாது, நடந்து முடிந்ததைத்தான் நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று ஏடுகளை விரித்துக் காட்டினார். மூவரும் கவனமாகக் கேட்டார்கள். மாரப்பன் மட்டும், தன் மனைவிக்கு இது தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

சென்னியப்பன் நெடுநேரம் யோசித்தார். “மெசினு செத்துப்போச்சு. சரிங்க. பத்தொம்பதாந் தேதிக்கு என்ன பண்றதுங்க?”

மூன்றாவது பிசகு விழுந்தால் பட்டறைக்கு முத்திரை. அருக்காணிக்கு இரண்டு பெண்கள். மாரப்பனுக்கு இரண்டு முறை கட்டிய மனைவியும் அவளுடைய அம்மாவும். ராக்கியண்ணன் வேறு. வெள்ளியங்கிரி தனிக்கட்டை. மனசுக்குள் பட்டியல் போட்டார். எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் ஒரே விடைதான் வந்தது.

“சாகறதெல்லாம் வேண்டாமுங்க,” என்றார் அவரே. “சான்று போதும். சீட்டு இருந்தா டிக் போட்டுரலாம்.”

மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் அதிகச் சிரமம் இருக்கவில்லை. அவர்கள் அறிக்கையிலும் கணபதியிலிருந்து ஒரு மரணச் சான்றுக் கட்டணம் நூறு ரூபாய் வரவேண்டி இருந்தது. யாரும் சாகவில்லையே என்று எழுத்தர் ஒரு வாரமாகத் தூங்கவில்லையாம். வெள்ளியங்கிரியைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்.

பத்தொன்பதாம் தேதி மலர் வளையம் வந்தது. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்கள். சென்னியப்பன் இரண்டு வார்த்தை பேசினார். அருக்காணி உண்மையாகவே அழுதாள். வெள்ளியங்கிரி ராக்கியண்ணனின் ரசீதை வாங்கி ஒட்டி, பச்சை டிக் போட்டார். சரியாக இருந்தது.

செத்தபிறகு வாழ்க்கை கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கணக்கு மூடியாகிவிட்டதால் வாடகை கட்ட வழியில்லை; பட்டறைக் கிடங்கில் உடைந்த கற்களுக்கு நடுவே பாயை விரித்தார். அருக்காணி தன் டிபன் பாக்ஸில் பாதியைக் கொடுத்தாள். கூடுதலாக ஒரு படி அரிசி வாங்க அவளுடைய அறிக்கையில் வரி இல்லை. ஆகையால் இருவருமே பாதி வயிற்றோடு இருந்தார்கள். மாத முடிவில் நாற்பத்தைந்தாயிரம் சம்பளம் போயிற்று. ஜூன் மாதத்தில் ஒரு பிசகும் இல்லை.

முப்பதாம் தேதி ஜூலை அறிக்கை வந்தது. மாரப்பன்தான் உரக்கப் படித்தான்.

“‘4: புதிய கணக்கர் வெள்ளியங்கிரி, முன்பணம், 2,000.’ அண்ணா, உங்களைத்தானுங்க எடுக்கச் சொல்லுது.”

அருக்காணி உளியைக் கீழே வைத்துவிட்டாள். சென்னியப்பன் முகம் தெளிந்தது. வளையத்தைக் கழற்ற எழுந்தேவிட்டார்.

வெள்ளியங்கிரி காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்தார். அந்த இரண்டாயிரத்தில் பாதியைப் பதினோரு வருஷத்துக்கு முன் அவர் கையால் வாங்கியிருந்தார். எதற்குச் செலவழித்தோம் என்று யோசித்தார். ஒரு செருப்பு, ஒரு குடை.

“உக்காருங்க மொதலாளி. செத்தவனுக்கு முன்பணம் குடுத்தாப் பிசகுங்க.”

“அப்ப?”

“வேற ஒரு வெள்ளியங்கிரியைப் பாருங்க.”

கோயம்புத்தூரில் அந்தப் பெயருக்குப் பஞ்சம் இல்லை. அந்த வார்டிலேயே நான்கு பேர் இருந்தார்கள், ஒருவருக்குக் கணக்கும் தெரிந்திருந்தது. நான்காம் தேதி காலை பத்து மணிக்கு அவர் வந்தார். முப்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை. முன்பணத்தில் ஒரு செருப்பு வாங்கவேண்டும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபோது வாடிய சம்பங்கி தலையில் இடித்தது.

கிடங்கு வாசலில் நின்றவரைப் பார்த்து, “அவரு யாருங்க?” என்று கேட்டார்.

“பழைய கணக்குப்புள்ளைங்க,” என்றாள் அருக்காணி. “போன மாசம் தவறிட்டாருங்க.”

புதியவர் எழுந்து மரியாதையாகக் கும்பிட்டார். பழையவர் பச்சைப் பென்சிலை அவரிடம் கொடுத்தார்.

“வேலை நிலையானதுதானுங்களா?” என்றார் புதியவர், குரலைத் தாழ்த்தி. “போன எடத்துல மூணு மாசத்துல முத்திரை போட்டுட்டாங்க. கொழந்தை வேற பொறந்திருக்குது.”

வெள்ளியங்கிரி வளையத்தைப் பார்த்தார். அடுத்த ஜூன், அதற்கடுத்த ஜூன் என்று விரல்விட்டு எண்ணினார். இயந்திரத்தின் சேமிப்பு ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு எத்தனை வருஷம் என்பது அவருக்குத் தெரியும். சொல்வதற்கு அறிக்கையில் வரி இல்லை.

“பதினோரு வருஷத்துக்கு ஒரு பிசகும் இல்லீங்க,” என்றார்.