சிமிட்டாத புள்ளி

காலியாகக் கிடந்த நடைபாதையில் தனக்கோடி எதையோ சுற்றிக்கொண்டு போனாள்.

ஆய்வுக்கூடத்தில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. பலர் மாட்டிக் கழற்றிய விஆர் கண்ணாடியின் வியர்வை வாடையும் அதைத் துடைத்த ஸ்பிரிட் வாடையும் சேர்ந்து சங்கமித்ராவின் தொண்டையில் கரித்தன. கண்ணாடிக்குள் தெரிவது பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் ஒரு சாலை. அதை மாட்டியவர் திரையில் சாம்பல் உருவமாக நடப்பார், கண்ணிலிருந்து சிவப்புக் கோடு கிளம்பி, பார்க்கும் இடத்தில் புள்ளியாக முடியும், சிமிட்டினால் அணைந்து எரியும். காலையிலிருந்து வந்த அத்தனை பேரின் புள்ளியும் பூட்டிய டீக்கடை வாசலில், வெறும் கல்மேல் போய் நின்றது.

"எதுக்குமா சுத்திப் போனீங்க?" கண்ணாடியைக் கழற்றிய தனக்கோடியிடம் சங்கமித்ரா கேட்டாள்.

"தெரியல மேடம். காலு தானா ஒதுங்கிச்சு. யாரையோ மிதிச்சிடுவேன்னு பயமாயிடுச்சு."

சங்கமித்ராவுக்கு முகம் எரிந்தது. சாலையை அவள் படம் பிடித்த அன்று அந்தக் கல்மேல் ஒருவர் கிடந்தார். கம்பெனிச் சட்டை, வெடித்த உதடு. அவளைப் பார்த்து அந்த உதடு 'தண்ணி' என்று அசைந்தது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. குடித்திருப்பான் என்று சொல்லிக்கொண்டு, பையில் பாட்டில் இருக்க, சுற்றிக்கொண்டு போனாள். அவளுடைய அப்பாவும் அப்படியொரு சட்டை போட்டு வேலைக்குப் போனவர்தான். பிறகு கணினியில், படத்தில் கிடந்தவரை அழித்துப் பக்கத்துக் கல்லை ஒட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

தனக்கோடி போனதும் அவளே கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அங்கே ஒன்றுமில்லை என்று நேராக நடந்து காட்டிவிட வேண்டும்.

கண் கீழே இறங்க மறுத்தது. போர்டு. கம்பி. வானம்.

"சங்கமித்ரா..." திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சக ஆய்வாளன் யுவன் கூப்பிட்டான். "ரெண்டு கோடு தெரியுது. ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு தரையிலேர்ந்து வருது. உங்க முகத்துல நிக்குது."

கண்ணாடியைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். அவளுடைய கோடு அணைந்தது.

மற்றது அணையவில்லை. மெல்லத் திரும்பியது. திரைக்கு வெளியே. அவள் நின்ற பக்கம். குறுகிக் குறுகி, வெறும் புள்ளியானது. நம்மை நேராகப் பார்க்கும் கோடு அப்படித்தான் தெரியும்.

இடப்பக்கம் நகர்ந்தாள். புள்ளிதான். வலப்பக்கம். புள்ளிதான்.

வெட்கம் தாளாமல் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, திரைக்கு நேரே நீட்டினாள். தண்ணீர் தரையில் சிந்தியது.

புள்ளி சிமிட்டவே இல்லை.