பெலிக்ஸ் வீட்டு மூன்று கடிகாரங்கள்

2024 ஜூன் 30 அன்று, தென்காசியை அடுத்த ஒரு நூற்பாலையில் வேல்சாமி ஐம்பத்தெட்டு வயது நிறைந்து ஓய்வு பெற்றார். தொழிற்சங்கம் சால்வை போர்த்தியது.

அடுத்த வாரம், சாரலுக்கு அந்தச் சால்வையையே தலையில் போட்டுக்கொண்டு வக்கீல் நூருன்னிசாவின் அலுவலகத்துக்கு வந்தார்.

"பதினோரு வருஷம் உழைச்சிருக்கேம்மா. பத்து இருந்தா பென்ஷன்னாங்க. இப்ப ஒம்பதுதான் இருக்குங்கான். பி.எஃப். ஆபீஸ்ல கேட்டா மில்லுல கேளுங்கான். மில்லுல கேட்டா சங்கத்துல கேளுங்கான். சங்கத்துல டீ வாங்கிக் குடுக்கான்."

"டீயாவது குடுத்தானே, அண்ணாச்சி," என்றான் குமாஸ்தா பிரின்ஸ்.

வேல்சாமி சிரிக்கவில்லை. "பென்ஷன் இல்லாதவனுக்கு இ.எஸ்.ஐ. மருந்தும் கெடையாதாம். எம் பொண்டாட்டி உலகம்மை இருதய மாத்திரையிலதான் ஓடுதா, தம்பி."

பிரின்ஸ் செல்பேசியில் அவருடைய பி.எஃப். கணக்கைத் திறந்தான். எட்டு வருடங்களில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிடித்தமே இல்லை. அவனுக்கு ரத்தம் சூடேறியது. "மில் ஆபீஸ்காரன் முழுங்கிட்டான், மேடம்!"

"முழுங்குதவன் குற்றால சீசன் பாத்தா முழுங்குவான்?" என்ற நூருன்னிசா வேல்சாமியிடம் திரும்பினார். "அந்த மாசங்கள்ல லீவு போட்டீங்களா?"

"ஒரு நாள் கெடையாது. அருவியில தல நனைச்சே பல வருஷம் ஆச்சு. பெலிக்ஸ்ட்ட வேணா கேளுங்க. ஒரே மெஷின்ல நின்னவங்க நாங்க; அவன் பெர்மனன்ட், நான் ஆளு வராத எடத்துல நிக்குத பதிலி. அவன் போன வருஷம் ரிட்டையர் ஆகி முழுப் பென்ஷன் வாங்குதான்."

மூவரும் பெலிக்ஸின் வீட்டுக்குப் போனார்கள். அது ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இருந்தது. முன்னறைச் சுவரில் மூன்று கடிகாரங்கள். மூன்றும் வேறு வேறு மணி காட்டின. ஒவ்வொன்றின் அடியிலும் 'விடுப்பின்றி முழு வருகை' என்ற எழுத்தும் ஒரு வருடமும்.

"மில்லுல குடுத்த பரிசு," என்றார் பெலிக்ஸ். "வேலுவும் என்னை மாதிரிதான். நாள் தவறமாட்டான்."

பிரின்ஸ் துருவித் துருவிக் கேட்டான். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். வந்தது வீண் என்று அவன் எரிச்சலோடு எழுந்தபோது, நூருன்னிசா எதிர்ச்சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டும் ஐந்தருவி, முன்னால் பஜ்ஜிச் சட்டியோடு பெலிக்ஸ், பக்கத்தில் அவர் மகள். படத்துக்குப் படம் அவள் வளர்ந்திருந்தாள்.

"கடை சீசனுக்கு மட்டும்தானா?"

"ஆமாம்மா. ஜெஸி மூணாங்கிளாஸ் படிக்கையில ஆரம்பிச்சது. எட்டு சீசன் ஓடிட்டு. கரண்டிய அடுத்தவன் கையில குடுத்ததே இல்ல."

"அப்ப அந்த மாசங்கள்ல மில்லுல இருந்தது யாரு?"

பெலிக்ஸ் வேல்சாமியைப் பார்த்தார்.

"இங்க மில் கேட்டுல அவங்கவங்க நம்பர் போட்ட பித்தளை டோக்கனைப் பெட்டியில போட்டாத்தான் வருகை. ஆளை யாரும் பாக்குறதில்ல," என்றார் நூருன்னிசா. "பெர்மனன்ட் ஆளு மூணு மாசம் வரலேன்னா வேலை போயிரும். பதிலி ஆளு வரலேன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நிரந்தரக்காரர் பெலிக்ஸ் அருவிக்குப் போனாரு. பதிலியான நீங்க அவரு டோக்கனைப் போட்டு அவரு மெஷின்ல நின்னீங்க. அப்படித்தானே, வேல்சாமி?"

"ஆமா. எல்லாரும் செய்யுததுதானம்மா," என்றார் வேல்சாமி, இதிலென்ன என்பதுபோல. "கூலிய முழுசா என் கையில குடுத்துட்டானே!"

"கூலி உங்க கைக்கு வந்திச்சு. பிடித்தம் டோக்கனோட போச்சு. எட்டு சீசன், மும்மூணு மாசம்; உங்க ரெண்டு வருஷம் இவரு கணக்குல இருக்கு."

வேல்சாமி கடிகாரங்களை அண்ணாந்து பார்த்தார். "ஏலே, இதுல ஒண்ணையாவது எனக்குத் தந்திருக்கலாம்லா?"

"எழுதிக் குடுத்தா என் பென்ஷன்ல கை வைப்பாங்களாம்மா?" என்று கேட்டார் பெலிக்ஸ்.

"வைப்பாங்க. ஆனா நீங்க எழுதிக் குடுக்கலேன்னா இவருக்கு வேற சாட்சி இல்ல."

திரும்பும் வழியில் பிரின்ஸ் பொருமினான். நூருன்னிசா வேல்சாமியிடம் சொன்னார்: "மருந்துக்கும் பென்ஷனுக்கும் முடிச்சுப் போட்டவன் தப்பாச் சொல்லியிருக்கான். பென்ஷனுக்குத்தான் பத்து வருஷம். வயசு முடிஞ்சு ஓய்வு பெற்றவருக்கு இ.எஸ்.ஐ.யில அஞ்சு வருஷம் போதும். வருஷத்துக்கு ஒருக்க சின்னத் தொகை கட்டணும். புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் உண்டு. நாளைக்கே கட்டுங்க."

ஆகஸ்டில் இ.எஸ்.ஐ. அட்டை வந்தது, உலகம்மைக்கு மாத்திரை கிடைத்தது. பெலிக்ஸ் எழுதித் தரவில்லை. வேல்சாமியின் ஓய்வூதிய மனு அக்டோபரில் தள்ளுபடி ஆனது.