வழியனுப்பும் விதி

"ஏத்தறதுக்கு நான் எழுதிட்டேன். அணைக்கிறதுக்கு நீ எழுது," என்றான் வில்லெம்.

"ஏன், உன் விரல் தேஞ்சு போச்சா?"

"பாதி வேலை நான்தான் செஞ்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறியே, அதான்."

"அந்த மெழுகுவத்தி பாட்டுக்கு எரியட்டுமே. ஜன்னல்ல எவ்வளவு அழகா இருக்கு பாரு. வாங்கறவன் அதைப் பாத்துத்தான் சொக்கிப் போவான்."

"அப்படி விடக் கூடாது ஹெலி. ஆத்மாக்கள் மாசத்துல செத்தவங்களை மெழுகுவத்தி வெச்சுக் கூப்பிட்டா, சாப்பாடு போட்டு, கடைசி நாள் 'கிளம்புங்க'ன்னும் சொல்லணும். சொல்லலேன்னா விருந்தாளி எப்படிப் போவான்?"

"கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு எந்த ஆத்மாடா வரும்? வந்தா அதுக்கும் ரெண்டு காசு குடுத்து விளையாட விடலாம்."

"வராதுதான். இருந்தாலும் எழுதிடு. பிளாக்செயின் சங்கிலியில ஏத்திட்டா அப்புறம் நாம தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது."

அது போன வருட நவம்பர். பேசிக்கொண்டிருந்தபோது அவன் கால்கள் ஹெலியின் மடியில் இருந்தன. அவள் பின்னிக் கொடுத்த கம்பளிக் காலுறையின் ஓட்டை வழியே ஒரு கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதைக் கிள்ளிவிட்டுச் சிரித்தாள். எழுதுகிறேன் என்று சொன்னாளா இல்லையா என்பது நினைவில்லை.

இந்த வருட நவம்பரில் ஒரு பிற்பகல், விறகு எடுத்து வரக் கிளம்பியவள் முன்கூடத்தில் நின்றுவிட்டாள். செருப்புப் பலகைக்குக் கீழே பெண்கள் காலணி ஒரு ஜோடி இருந்தது. கறுப்பு, சிறிய குதிகால், பக்கவாட்டில் ஒரு கொக்கி. விருந்துக்கு வந்தவர்கள் மரியாதையாகக் கழற்றி வைப்பதுபோல, முனை வாசலைப் பார்க்க, இரண்டும் ஒட்டி ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. நாலு மணிகூட ஆகவில்லை, வெளியே இருட்டிவிட்டது. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

அவள் மைரேயைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மைரே வில்லெமின் அக்கா, தாலினில் இருப்பவள்.

"உன்னுதாத்தான் இருக்கும்டி. எப்பவோ வாங்கி மறந்திருப்ப. போன தடவை என் குடையையே உன்னுதுன்னு சாதிச்சவதானே நீ."

"என் கால் இவ்வளவு சின்னது இல்ல மைரே."

"அப்ப என் தம்பிக்கு வேற ஒருத்தி இருந்திருப்பா," என்று சிரித்த மைரே சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "ஒழுங்கா சாப்பிடறியா? மாசக் கடைசில வரேன். கறுப்பு ரொட்டி கொண்டாரேன்."

ஹெலி காலணிகளை விறகுக் கொட்டகையில் போட்டுவிட்டு வந்தாள். கையில் நாணல் சேற்றின் வாடை ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

ஹாப்சலுவில், விரிகுடாவை ஒட்டிய இந்த மரவீட்டின் சமையலறை மேசைதான் அவர்களுடைய தொழிற்கூடம். கிரிப்டோ காசு துளித்துளியாகச் சேரும் சின்ன விளையாட்டுகளைச் செய்து இணையச் சந்தையில் விற்றார்கள். நிரல் வில்லெமுடையது, படம் அவளுடையது. எங்கோ இருக்கும் ஒருவன் வாங்கி, தன் பெயரை ஒட்டி நடத்திக்கொள்வான். விளையாட்டின் விதிகளை மட்டும் சங்கிலியில் ஏற்றிவிடுவார்கள். விற்ற பிரதிகள் எல்லாம் அந்த ஒரே விதிகளைக் கேட்டுத்தான் நடக்கும். சங்கிலியில் ஏறியதை வாங்கியவனும் அழிக்க முடியாது, விற்றவளும் அழிக்க முடியாது. யாரும் ஏமாற்ற முடியாது என்பதால்தான் நம்பி வாங்கினார்கள்.

கடைசியாகச் செய்தது 'விறகு வீடு'. பனிக்காட்டில் சுள்ளி பொறுக்கி வந்து அடுப்பை எரிய வைக்க வேண்டும். வீடு சூடாக இருக்கும்வரை காசு சேரும். அந்த வீட்டுக்கு ஹெலி தன் வீட்டையே வரைந்தாள். முன்கூடத்துச் செருப்புப் பலகையும் கோணலாகத் தொங்கும் சாவிக் கொக்கியும்கூட அப்படியே இருந்தன. நவம்பர் பிறந்தால் ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏறும், கதவு திறக்கும். அது வில்லெம் எழுதிய விதி.

மார்ச் மாதம் அவன் உறைந்த விரிகுடாப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனான். அன்று காலை கூரை விளிம்பு சொட்டிக்கொண்டிருந்தது. பனி இளகிவிட்டது, இன்றைக்குப் போகாதே என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். முதல்நாள்தான் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்திருந்தான். சொல்லை விழுங்கிவிட்டு, பிளாஸ்க்கில் காபியை ஊற்றிக் கொடுத்தாள். அவன் பச்சை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான். இடது குதியில் சைக்கிள் டியூப் துண்டால் அவள்தான் ஒட்டுப் போட்டிருந்தாள்.

பனி முழுக்க உருகிய பிறகு அவனைக் கண்டெடுத்தார்கள். காலில் பூட்ஸ் இல்லை. நீந்துவதற்காக உதறியிருப்பான் என்றார்கள்.

கோடை கழிந்து, மிச்ச வேலையை அவளே முடித்தாள். ஒரு விதிதான் பாக்கி. மாதக் கடைசி நாளில் மெழுகுவர்த்தி அணைந்து, 'சாப்பிட்டாயிற்று, குடித்தாயிற்று, இனிக் கிளம்புங்கள்' என்று வீடு சொல்ல வேண்டும். சில வரிகள். விரல் ஓடவில்லை. அந்தச் சொல்லை அவள் யாரிடம் சொல்வாள்? எழுதாமலேயே சங்கிலியில் ஏற்றினாள். அவர்கள் செய்தவற்றிலேயே அதிகம் விற்றது அதுதான். போர்த்தோவில் வாங்கினார்கள், கௌனாஸில் வாங்கினார்கள், ரோட்டர்டாமில் வாங்கினார்கள்.

கொட்டகையில் போட்ட மறுநாள் பிற்பகல் கறுப்புக் காலணிகள் திரும்ப வந்திருந்தன. பக்கத்தில் ஆஸ்பத்திரிச் செருப்பு ஒரு ஜோடி. அதற்கடுத்த நாள் சிமெண்டுக் கறை படிந்த ஒரு கட்டடத் தொழிலாளியின் பூட்ஸும், ஒரு குழந்தையின் சிவப்புச் செருப்பும். எல்லாமே நனைந்திருந்தன, எல்லாமே வாசலைப் பார்த்திருந்தன. வீட்டில் ஈரக் கம்பளியின் வாடையும், ஊதி அணைத்த திரியின் வாடையும் கலந்து தங்கிவிட்டது. இந்த வருடம் அவள் மெழுகுவர்த்தியே ஏற்றவில்லை. ஆனால் இருட்டியதும் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்னச் சுடரின் பிம்பம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அறையில் சுடர் கிடையாது.

பிறகு நூனோ எழுதினான். போர்த்தோவில் விளையாட்டை வாங்கியவன்.

'அக்கா, விளையாட்டு நல்லா ஓடுது. ஒண்ணு கேக்கணும். எங்க பிரதியில சாப்பாட்டு மேசைக்கிட்ட ஒருத்தன் உக்காந்திருக்கான். அவனுக்குக் கணக்கும் இல்ல, பேரும் இல்ல. வெளியேத்த முடியல. மஞ்சக் கலர் ஃபுட்பால் ஷூ, ஒரு பக்கம் லேஸ் இல்ல. படமெல்லாம் நீங்கதான் வரையறீங்கன்னு சொன்னீங்க. என் தம்பியோட ஷூ உங்களுக்கு எப்படித் தெரியும்? அவனை அதைப் போட்டுத்தான் அடக்கம் பண்ணோம்.'

ஹெலி மடிக்கணினியை மெல்ல மூடினாள். முன்கூடத்துக்குப் போகும் கதவைத் திறக்கவே அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.

மஞ்சள் ஷூக்கள் குழந்தைச் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் லேஸ் இல்லை.

அவரவர் வீட்டு ஜன்னலில் எரிகிறதென்று நினைத்து அவரவர் இறந்தவர்கள் வருகிறார்கள். ஆனால் எல்லாப் பிரதியிலும் இருப்பது ஒரே வீடு. அவள் பலகை பலகையாக வரைந்த வீடு.

அன்று முழுக்க அவள் அந்தச் சில வரிகளை எழுதினாள். இப்போது விரல் ஓடியது. சங்கிலி ஏற்கவில்லை. விதிகள் முடிந்துவிட்டன, இனி எதையும் சேர்க்க இயலாது என்று திரை பொறுமையாகச் சொன்னது. மறுபடி முயன்றாள். மறுபடி சொன்னது. முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை, சத்தம் வரக் கூடாதென்று, மெல்ல இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் மைரேயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை மைரே சிரிக்கவில்லை.

"எழுதறதெல்லாம் எதுக்குடி? வாயால சொல்லு. மேசையில ரொட்டி வை, பீர் ஊத்து, கிளம்புங்கன்னு சொல்லு. ஒரு வார்த்தைதானே."

"சொன்னா எல்லாரும் போயிடுவாங்க மைரே."

"போகத்தானே சொல்றோம்."

"அவன் இன்னும் வரல."

மறுமுனையில் மைரே அழும் சத்தம் கேட்டது. "ஹெலி, கண்ணு, அவன் வர வேண்டாம்டி. நீ வெளிய வந்துடு. நான் காலைல பஸ் ஏறிடறேன். நீ முதல்ல அந்த வீட்டை விட்டு வெளிய வா."

வரலாம்தான். அன்றைக்கு வந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பிற்பகலும்போல அன்றும் அவள் இருட்டும் நேரத்துக்குக் காத்திருந்து, ஓடிப்போய் முன்கூடத்தில் பச்சை நிறத்தைத் தேடினாள். பயத்தில் பல் கிட்டித்துப் போகும், ஆனாலும் தேடுவாள். இல்லை. நாளை வரும். இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம்.

மாதத்தின் கடைசி நாள் விடிந்தபோது முன்கூடத்தில் தரையே தெரியவில்லை. காலணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கதவின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தன. உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. ஒரு பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளே கால் இருப்பதைப்போலக் கனத்தது.

தொலைபேசியை எடுத்தாள். அது இறந்து கிடந்தது.

குளிருக்காகச் சமையலறை ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டியிருந்தாள். அதை நகத்தால் கிழித்து, ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். குதித்தால் பக்கத்து வீட்டு வேலி. பிறகு தெரு.

வேலி இல்லை. தெரு இல்லை. பனி. ஹாப்சலுவில் இந்த வருடம் இன்னும் பனி விழவேயில்லை. பனிக்கு அப்பால் மரங்கள். ஒரு ஒல்லி பைன், ஒரு கோணல் பைன், நுனி முறிந்த ஒன்று. மறுபடி ஒல்லி, கோணல், முறிந்தது. நேரம் மிச்சப்படுத்த மூன்று மரங்களை மட்டும் வரைந்து, நகலெடுத்து நகலெடுத்து அவள் விளையாட்டில் காடாக்கியிருந்தாள். கண்ணுக்கு எட்டியவரை அந்த மூன்று மரங்கள். காற்று இல்லை. வாசனை இல்லை.

ஜன்னலை மூடினாள்.

கையில் இருந்த கடைசி ரொட்டியை அறுத்து மேசையில் வைத்தாள். உப்பு மீனைத் தட்டில் பரப்பினாள். பீரை ஊற்றினாள். பாதி சிந்தியது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தட்டுகளில் கரண்டி படும் சத்தம் கேட்டது. மெல்ல. அடக்கமாக. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்கூடத்தின் வாசலில் போய் நின்றாள்.

"சாப்பிட்டாச்சு," என்றாள். கரண்டிகள் நிற்கவில்லை. மறுபடி சொன்னாள். "சாப்பிட்டாச்சு."

கரண்டிச் சத்தம் நின்றது.

"குடிச்சாச்சு."

கதவின் தாழ் தானே விலகியது. குவியல் இரண்டாகப் பிரிந்து வழிவிட, கதவு திறந்தது. கறுப்புக் காலணிகள் எழுந்தன. முதலில் வலது. பிறகு இடது. வாசற்படியைத் தாண்டின. சிவப்புச் செருப்புகள் பின்னால் ஓடின. ஆஸ்பத்திரிச் செருப்பு இழுத்து இழுத்துப் போனது. மஞ்சள் ஷூ. சிமெண்டு பூட்ஸ். ஜோடி ஜோடியாக, தண்ணீர் சொட்டச் சொட்ட, யாரும் யாரையும் இடிக்காமல் வெளியே இறங்கிப் படிக்கட்டின் கீழே நின்றன. காத்திருந்தன. வாசலுக்கு வெளியே அவளுடைய தெரு தெரிந்தது. அவளுடைய வேலி. தெருவிளக்கின் கீழே நிஜமான, அசிங்கமான நவம்பர் மழை. தெருக்கோடியில் ரொட்டிப் பையோடு யாரோ ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மைரேயின் நடை.

இன்னும் ஒரு சொல்தான். கிளம்புங்க.

அப்போது, எல்லாம் வெளியேறிய வாசல் வழியே, ஒரு ஜோடி உள்ளே வந்தது.

பச்சை. கணுக்கால்வரை தண்ணீர். ஒவ்வொரு அடிக்கும் சளக், சளக். தாமதமாக வந்தவனின் தயக்கத்தோடு நடந்து, பலகைக்குக் கீழே தன் பழைய இடத்தில் நின்றது. முனையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டது. இடது குதியில் சைக்கிள் டியூப் ஒட்டு.

நாணல் சேறு. அதற்கும் மேலே, இலேசாக, பிளாஸ்க் காபியின் மணம்.

"ஹெலி," என்று தெருவிலிருந்து மைரே கத்தினாள். "சொல்லிடுடி. சொல்லிடு."

ஹெலி வாயைத் திறந்தாள். கிளம்புங்க என்பதற்கு முன்னால், தொண்டையில் மார்ச் மாதத்திலிருந்து கிடந்தது வந்துவிட்டது.

"போகாதே," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. மைரேயின் குரல் அறுந்தது. முன்கூடம் மறுபடி நிறைந்திருந்தது. முதலில் பச்சை பூட்ஸ். பிறகு கறுப்பு, சிவப்பு, மஞ்சள். ஒவ்வொரு ஜோடியாக வாசலை விட்டுத் திரும்பி, முனைகள் எல்லாம் அவளைப் பார்த்து நின்றன.