பாசி பிடிக்காத சுவர்

சுவரில் பாசி பிடிக்கவில்லை. ஷிராணிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே ஏறிப் போகிற அந்தத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் ஆனி பிறந்துவிட்டால் வெயில் என்ற ஒன்று இருப்பதையே ஆட்கள் மறந்துபோவார்கள். இரவு பகலென்று இல்லாமல் தகரத்தில் மழை சொரிந்துகொண்டே இருக்கும், கொடியில் போட்ட துணி காயாமலே நாறும், அரிசிச் சாக்கில் பூசணம் பூக்கும், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக்கிடக்கிற லயத்துச் சுவர்கள் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பச்சையாகித் தொட்டால் வழுக்கும். அந்தப் பாசி நாற்றம்தான் மழைக்காலத்தின் நாற்றம். இந்த வருஷம் அது இல்லை. வீட்டுக்குள் எறும்பு ஏறவில்லை, கரப்பான் ஓடவில்லை, மோட்டுவளையில் பல்லி கூடக் கத்தவில்லை. சுவர் மட்டும் நேற்றுப் பூசினதுபோல் வெள்ளையாக நின்றது.

அவள் புருஷன் மேர்வினுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

"தொர பங்களா செவுரே பச்சையாயிருச்சு புள்ள. நம்ம லயத்தப் பாரு," என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினான்.

காட்டாமல் என்ன செய்வான், அது அவன் கைவேலை. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை லயத்துக்கே பொதுவாக ஒரு பீப்பாயில் சுண்ணாம்பு கரைத்து, கோயில்காரர் வேதக்காரர் என்று பார்க்காமல் எல்லாக் காம்பராவுக்கும் ஒரே நாளில் வெள்ளையடிப்பது அங்கே வழக்கம். போன நத்தாருக்கு மேர்வின் அந்தப் பீப்பாயில் தன் பங்காக இரண்டு சாக்குத் தூளைக் கொட்டினான். பழைய லொறி பெட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, வலைக்குக் கட்டும் குண்டுகளாக வார்த்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்கு விற்பது அவன் தொழில். உருக்கின சட்டியில் மிஞ்சும் சாம்பல் நிறத் தூளை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்போடு சேர்ந்தால் சுவர் இறுகும், பாசி அண்டாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்டவும் இல்லை.

சுவர் நன்றாக இருந்தது. மகள் அனுஷ்காதான் நன்றாக இல்லை.

மூன்று வயது முடிந்த பிள்ளை. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில், பாட்டென்றால் முதல் ஆளாக எழும்பி நிற்பாள். வாய் ஓயாது. அந்த வாயிலிருந்து மாசியில் பாட்டு போனது. சித்திரையில் பெயர்கள் போயின. கோழி, தண்ணிப் பீலி, பஸ் எல்லாவற்றையும் விரலால் காட்டினாள். இப்போது காட்டுவதும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள், சோறு வைத்தால் முகத்தைத் திருப்புவாள், முகம் பழைய துணிபோல் வெளுத்திருக்கும். அம்மா என்ற ஒரு சொல்தான் மிச்சம். அதுவும் போய்விடும் என்ற பயத்தில் ஷிராணி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மிட்வைப் மிஸ் கீரை கொடுக்கச் சொன்னார். பக்கத்துக் காம்பரா கிருஷாந்தி கண்ணூறு என்றாள். ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். ஒருத்தராவது பிள்ளையைக் குனிந்து உற்றுப் பார்த்தார்களா என்றால் இல்லை. ஷிராணிக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலைக் கொட்டவும் ஆளில்லை.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் போயிருந்தது. மழை சற்று ஓய்ந்து, தகரத்து விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், தூரத்தில் ரயில் வளைவைச் சுற்றிப் போகிற இரைச்சலும், அடுப்பில் ஈர விறகு புகைந்து சீறுகிற சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் இருப்பதை ஷிராணி கவனித்தாள். மெல்லிய, ஈரமான, அவசரமில்லாத சத்தம். பூனை பால் குடிக்கிற மாதிரி. வீட்டில் பூனை இல்லை.

குப்பி விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டில் காலியாக இருந்தது. சத்தம் கட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒடுக்கமான சந்தில் அனுஷ்கா முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் சுவரில். கன்னம் சுவரில். நாக்கால் கீழிருந்து மேலாக, ஒரே இடத்தை, திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் சுண்ணாம்பு கரைந்து, ஒரு தட்டளவுக்கு மண் தெரிந்தது. எத்தனை நாளாக நடக்கிறதோ.

வெளிச்சம் பட்டதும் திரும்பிப் பார்த்தாள். பல்லுக்கு மேலே, ஈறின் ஓரமாக, மையால் கோடு கிழித்ததுபோல் நீலமாக ஓடியது.

ஷிராணி பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வாயைத் துடைத்தாள். முந்தானையால் மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் நிற்கவில்லை.

பிள்ளை மடியில்தான் இருந்தாள். வாய் மூடியிருந்தது. சத்தம் சுவரிலிருந்து வந்தது. அதே இடத்திலிருந்து. அந்தப் பக்கமிருந்து. மெல்லிய, ஈரமான, அவசரமில்லாத சத்தம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டே பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினாள். கிருஷாந்தி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகன் மிலான், அனுஷ்காவிலும் சின்னவன், உள்ளே சுவரைக் கட்டிப்பிடித்தபடி நின்றான்.

"மண்ணு தின்னாத புள்ள எங்கக்கா இருக்கு? பால் மறந்தா அப்படித்தான்," என்று கிருஷாந்தி சிரித்தாள்.

அடுத்த நாள் ஷிராணி வேலைக்குப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறினாள். அங்கே புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருத்தி, அத்தனை நாளில் முதல் ஆளாக, பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"வீட்டிலை ஆராவது பழைய பெட்டரி உருக்கிறவையோ?"

"எங்க வீட்டுக்காரருதாங்க. வீட்டுல இல்லங்க டொக்டர், ஆத்தோரமா வச்சுத்தான் செய்வாரு."

"உடுப்பிலை ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஈயம் பிள்ளையின்ரை மூளையைத்தான் முதல் பிடிக்கும் அம்மா. ரத்தம் கொழும்புக்குப் போகவேணும். முடிவு வந்த உடனை நானே உங்களுக்குப் போன் அடிக்கிறன். அதுவரைக்கும் பிள்ளையை வேறை வீட்டிலை வைச்சிருங்கோ."

அடுத்த நோயாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். ஷிராணி வெளியே வந்தாள். திரும்பி வருகிற ரயிலில், வட்டவளை தாண்டும்போதுதான், பீப்பாயும் அந்த இரண்டு சாக்கும் அவள் ஞாபகத்துக்கு வந்தன. மடியில் கிடந்த பிள்ளையின் வாயை மறுபடி துடைத்தாள்.

வேறை வீடு. சொல்ல நன்றாகத்தான் இருந்தது. றொசல்லயில் கட்டிக்கொடுத்த தங்கச்சியைக் கேட்டாள். ஒரு காம்பராவுக்குள் ஆறு பேர் படுக்கிறோம், நோய்ப் பிள்ளையை வேறு எங்கே வைப்பது என்று போனைத் துண்டித்துவிட்டாள். கணக்கப்பிள்ளை நாகரத்தினத்திடம் போய், சுவரை மாற்றிப் பூசித் தரச் சொல்லிக் கெஞ்சினாள்.

"டிவிசன்லயே சுத்தமா இருக்கிறது உங்க லயத்துச் செவுருதான். அத ஏம்மா ஒடைக்கச் சொல்றே?" என்று அவர் கொழுந்துத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுண்ணாம்பில் கலந்த சாம்பல்தான் விஷம் என்று அவள் சொன்னபோது மேர்வின் கத்தவில்லை. அவன் சிரித்தான், அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"ஈயத்தத்தான் குண்டா ஊத்திட்டேனே. மிச்சம் வெறுஞ் சாம்பலு. அது வெசம்னா மொதல்ல நான்ல போயிருக்கணும்?"

"புள்ளையப் பாருங்க. அவ பேச்சு எங்கங்க? ஒங்க சாம்பல்தான் தின்னுருச்சு."

"போடி பைத்தியக்காரி," என்று தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினான். பாதி தூரம் தூக்கினதும் மணிக்கட்டு மடிந்தது. கை தொங்கியது. தேத்தண்ணி மடியெல்லாம் ஊற்றியது. மறுபடி நிமிர்த்தப் பார்த்தான். விரல்கள் தரையைப் பார்த்தபடியே கிடந்தன. அந்தக் கையை யாரோ வேற்று ஆளின் கையைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குளிருதான்," என்றான். எழும்பி வெளியே போய்விட்டான்.

டொக்டரின் போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஷிராணி பிள்ளையைத் தன் இடுப்போடு சேலையால் கட்டிக்கொண்டு படுத்தாள். அப்படியும் விடிகிற நேரத்தில் பார்த்தால் பிள்ளையின் தலை சுவர்ப்பக்கம் நீண்டிருக்கும், நாக்கு வெளியே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மிலான் நக்குகிற சத்தம் கேட்கும். அதற்கும் அப்பால், இன்னும் மெலிதாக, இன்னொரு காம்பராவிலும் கேட்பதுபோல் இருக்கும். கேட்கிறதா, தன் காதில்தான் ஒலிக்கிறதா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு காலையில் பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, "அம்மா சொல்லு," என்றாள். அனுஷ்கா அவளைப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள். ஒன்றும் வரவில்லை. "சொல்லு தங்கம். அம்மா. அம்மா சொல்லு." பிள்ளை அவள் தோளுக்கு மேலால் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஷிராணிக்குள் ஏதோ அறுந்தது. போதும். யாரையும் கேட்க வேண்டாம். யாரும் வரப்போவதும் இல்லை.

அன்று மத்தியானத்திலேயே மலை மறைந்துவிட்டது. பனிமூட்டம் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்குள் ஏறி, கதவு வழியாக உள்ளே தவழ்ந்து வந்தது. பிள்ளைக்குக் குளிர் பிடித்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், இடுக்கில் சாக்கைத் திணித்தாள். அனுஷ்காவைக் கட்டிலில் உட்காரவைத்துப் போர்வையைச் சுற்றினாள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துச் சுவரில் வைத்து இழுத்தாள்.

சர்ர்.

ஒரு கீற்று வெள்ளை உதிர்ந்தது. அடியில் பழைய மண். எத்தனை மாத ஆத்திரமோ, கை தானாக ஓடியது. டிஸ்பென்சரிக்கு ஒரு இழுப்பு. மிட்வைப் மிஸ்ஸுக்கு ஒரு இழுப்பு. கணக்கப்பிள்ளைக்கு. தங்கச்சிக்கு. சிரித்தானே அவனுக்கு. சுண்ணாம்பு மாவாக உதிர்ந்து எழும்பி, காற்றுப் போக வழியில்லாத அறையில் அப்படியே தொங்கியது. தொண்டையில் லேசாக இனித்தது, பிள்ளையை இழுத்த இனிப்பு. துப்பிவிட்டு மறுபடி இழுத்தாள்.

"என்னக்கா செய்றீங்க?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கிருஷாந்தி கத்தினாள்.

"ஒன் மகனப் பாரு! எம் புள்ளைக்குப் பேச்சு போயிருச்சுடி. அவனுக்கும் போகும். இந்தச் செவுரு வெசம்! சொரண்டிப் போடு!"

ஷிராணி நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, அந்தப் பக்கத்தில், சர்ர்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கிருஷாந்தி சுரண்டுகிறாள். அவள் அடுத்த வீட்டு ராசம்மாவைக் கூப்பிடுவதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கேயும் சத்தம். அதற்கடுத்த காம்பராவில். அதற்கும் அடுத்ததில். கடைசியில் நம்பிவிட்டார்கள். இத்தனை நாள் தனியாகக் கத்தினவளுக்கு லயமே கூடச் சேர்ந்து கத்துவதுபோல் இருந்தது. சுவர் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் கத்தியைக் கீழே வைத்தாள்.

போன் அடித்தது.

உள்ளே சிக்னல் நிற்காது. கதவைத் திறந்து, பின்னால் சாத்திவிட்டு, இஸ்தோப்பு முனைக்கு ஓடினாள்.

"ஷிராணியோ? முடிவு வந்திட்டுது. ரத்தத்திலை ஈயம் சரியான கூட. பிள்ளையை இண்டைக்கே ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டு வாங்கோ."

"நான் கண்டுபுடிச்சுட்டேங்க டொக்டர். செவுத்துலதாங்க இருக்கு. சுண்ணாம்புல கலந்துட்டாங்க."

டொக்டரின் குரல் உயர்ந்தது.

"சுவரைச் சுரண்டிப் போடாதேங்கோ. கேக்குதோ? நக்கிறதிலும் பார்க்கத் தூசுதான் மோசம். மூச்சோடை போகும். பிள்ளையளை முதல் வெளியிலை எடுங்கோ. சுவரைத் தொடாதேங்கோ. கேக்குதோ அம்மா? அங்கை என்ன சத்தம்?"

லயம் முழுக்கச் சுரண்டிக்கொண்டிருந்தது. பனிக்குள் ஒரு கதவும் தெரியவில்லை. எல்லாம் சாத்தியிருந்தன. சத்தம் மட்டும் வரிசையாக, காம்பராவுக்குக் காம்பரா, ஓயாமல்.

"நிப்பாட்டுங்க!"

குரல் எழும்பவில்லை. தொண்டையெல்லாம் தூசு. கிருஷாந்தி வீட்டுக் கதவில் அறைந்தாள். உள்ளே கொண்டி போட்டிருந்தது.

"முடியப் போவுதுக்கா!" என்று கிருஷாந்தி சந்தோஷமாகக் கத்தினாள். "புள்ளைகளையும் சொரண்ட விட்டிருக்கேன்!"

அடுத்த கதவு. அறைந்தாள். திறக்கவில்லை. அடுத்தது. உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். கத்திகள் நிற்கவில்லை.

அனுஷ்கா.

திரும்பி ஓடினாள். தன் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெளியே இருந்த பனி இதற்குத் தேவலை. வெள்ளை மெதுவாக, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. போர்வை தரையில் கிடந்தது. கட்டிலின் மேல், தலை முதல் கால் வரை வெள்ளையாக, இமைமயிர் கூட வெள்ளையாக, பிள்ளை எழும்பி நின்றாள். முகத்தை மேலே தூக்கியிருந்தாள். வாயை முடிந்தமட்டும் திறந்திருந்தாள். நீட்டிய நாக்கில் தூசு விழுந்துகொண்டிருந்தது.