மூச்சு வாங்கும் கொசு

கொசு மூச்சு வாங்காது. நாலு மாசமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொசுச் சத்தமாகவே கேட்டுக்கொண்டிருக்கிற விஜிலாவுக்கு இதுகூடவா தெரியாது? ஆனால் அன்றைக்கு மத்தியானம் வந்த பதிவில், ரீங்காரம் மெல்லிசாக இழுத்துக்கொண்டே போய், ஓர் இடத்தில் அறுந்து, 'ஹக்'கென்று காற்றை உள்ளே இழுத்துவிட்டு, மறுபடியும் தொடங்கியது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் திரும்பப் போட்டுக் கேட்டாள். அதே இடத்தில் அதே மூச்சு.

தூத்துக்குடியில் அந்தக் கடலோரத் தெருக்களில் டெங்கு ஆரம்பித்தபோது கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குள் கொசு பறந்தால் போனை நீட்டிச் சத்தத்தைப் பதிந்து அனுப்ப வேண்டியதுதான். மேப்பில் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். தெருவுக்கு ஓர் ஆள் அதைக் கேட்டு, டெங்குக் கொசுவா என்று பிரித்து, நேரில் போய்த் தேங்கின தண்ணீரை ஒழித்துவிட்டுப் பச்சைப் புள்ளி வைக்க வேண்டும். விஜிலா தன் தெருவுக்கு அந்த வேலையை வலிய வாங்கிக்கொண்டாள். வாங்கி என்ன பிரயோசனம்? அவள் மகள் ஆக்னஸுக்கே காய்ச்சல் வந்து, ஏழு வயசுப் பிள்ளை ஆறு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது, பகலில் பாட்டி துணைக்கு.

காலையில்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆனா திரும்பவும் டெங்கு வந்தா பிள்ளை தாங்க மாட்டா. உங்க வீட்டுப் பக்கத்துலதான் எங்கயோ தண்ணி நிக்குது, தேடுங்க."

தேடாமலா இருந்தாள்? தெருவில் ஒரு டிரம் பாக்கியில்லை, ஒரு தேங்காய்ச் சிரட்டை பாக்கியில்லை. மேப்பில் ஒரே ஒரு சிவப்புதான் மிச்சம், தெருக்கோடியில், ஒரு காலத்தில் சங்கைக் கழுவிச் சேர்த்துவைத்த பழைய சங்குக் கிட்டங்கி. பூட்டிப் பதினைந்து வருஷமாகிறது. இந்த மூச்சு வாங்குகிற பதிவும் அதற்குள்ளேயிருந்துதான் வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஆப் வேலைக்கெல்லாம் தலைவர் ஹார்டுவேர் கடை பொன்னுதுரை அண்ணாச்சி. அவருக்குப் போன் போட்டாள்.

"ஏளா, பூட்டிக் கெடக்க கிட்டங்கிக்குள்ள எவன் இருக்கான்? ஏதோ கிறுக்குப்பய வெளயாடுதான். பச்சைய வச்சிட்டு வேலயப் பாரு."

"பாக்காம வைக்க மாட்டேன் அண்ணாச்சி."

"உனக்கு ரொம்பத்தான் வீம்பு."

"எம் மவ நாளைக்கு வாரா."

நாலு மணிக்குக் கடப்பாரையோடு வருகிறேன் என்றார் அவர்.

நாலு மணி ஆவதற்குள் இன்னும் இரண்டு பதிவுகள் வந்தன. இரண்டாவதில் மூச்சு வாங்காமலே ரீங்காரம் ஐந்து நிமிஷம் ஓடியது. விஜிலாவின் அப்பா அம்புரோஸ் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். இரண்டு நிமிஷம் மூச்சடக்கினாலே மேலே வந்ததும் மூக்கில் ரத்தம் வரும் என்பார். ஐந்து நிமிஷம் எந்த மனுஷனால் முடியும்? மூன்றாவது பதிவைக் கேட்கும்போது அவளுக்கு வேறொன்று உறைத்தது. முதல் பதிவில் தொண்டையிலிருந்து வந்த மாதிரி தடித்திருந்த சத்தம், இதில் அச்சு அசல் கொசுவாகியிருந்தது. அது பழகுகிறது. கொசுச் சத்தம் கேட்டால் வருகிறவளைக் கூப்பிடப் பழகுகிறது.

பயமில்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. 'கூப்பிடுதியா? இரு, வாரேன்' என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

சாய்ந்த வெயில் தெரு முழுக்கக் கிடந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து நிலக்கரித் தூசியும், காயப்போட்ட கருவாட்டு வாடையும், எந்தக் கப்பலோ விட்டுவிட்டு ஊதுகிற சங்கொலியும் உப்புக்காற்றோடு கலந்து வந்துகொண்டிருந்தன. பொன்னுதுரை இரண்டு கேன் நிறைய லாரி ஷெட்டுக் கழிவு ஆயில் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் மேல் அது படர்ந்தால் கொசுப்புழு காற்றில்லாமல் செத்துப்போகும். துரு ஏறின பூட்டு இரண்டே நெம்பலில் கையோடு வந்துவிட்டது. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து அடித்த வாடையில் அவர் ரெண்டடி பின்னால் போனார்.

"நான் இங்கன நிக்கேன். நீ பாத்துட்டு வந்துரு."

சரிதான், ஆம்பிளை! விஜிலா கேன்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். என்றைக்கோ அழுகின சங்குச் சதையின் நாற்றம் சுவரெல்லாம் ஊறிப்போயிருந்தது. உடைந்த ஓட்டு வழியாக அங்கொன்றும் இங்கொன்றுமாக வெயில் விழுந்தது. காலடியில் சங்குத் துண்டுகள் நொறுங்கின. கையில், கழுத்தில், புறங்காலில் கொசுக்கள் வந்து உட்கார்ந்தன. அவள் தட்டிவிடவில்லை. காது கொடுத்துக் கேட்டாள்.

ரீங்காரம் மேலேயிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது.

தரையில் ஒரு தொட்டி, சங்கு கழுவின தொட்டி. மேலே பலகை. பலகையின் ஓரம் ஈரமாக இருந்தது. அவள் அதை இழுத்துத் தள்ளினாள்.

சத்தம் நின்றது.

போன் வெளிச்சத்தைக் காட்டினாள். மழைத்தண்ணீர் விளிம்புவரை நின்றது. அதில் புழு. ஆயிரம், பத்தாயிரம். எல்லாம் தலைகீழாகத் தொங்கின. புழு அப்படித்தான், தலை கீழே, வால் மேலே. வால் நுனியால்தான் காற்றை இழுக்கும்.

நடுவில் பெரிசாக ஏதோ இரண்டு.

வெளுத்திருந்தன. ஊறிச் சுருங்கியிருந்தன. வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

பாதங்கள்.

மனுஷ உள்ளங்கால்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே திரும்பி மிதந்தன. கணுக்காலுக்குக் கீழே கால் இருட்டுக்குள் நேராக இறங்கியது. விரல்கள் மெதுவாக விரிந்தன.

'ஹக்.'

விரல்கள் மூடின. தொட்டியின் அடியிலிருந்து ரீங்காரம் தொடங்கியது.

"ஏளா விஜிலா! என்னளா இருக்கு?" வாசலிலிருந்து பொன்னுதுரையின் குரல்.

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஓடிவிடலாம். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மேப்பில் பச்சை வைத்துவிட்டு ஓடிவிடலாம். நாளைக்குக் காலையில் ஆக்னஸ் வருவாள். இதே தெருவில் இறங்குவாள். குச்சி மாதிரி ஆகிப்போன கையை நீட்டிக்கொண்டு.

"புழுதான் அண்ணாச்சி," என்றாள். குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் கேனின் மூடியைத் திருகினாள். சாய்த்தாள். கறுப்பு ஆயில் தண்ணீர் மேல் விழுந்து, வட்டமாக விரிந்து, புழுக்களை மூடி, அந்தப் பாதங்களைத் தொட்டது. அவை உதைத்தன. தண்ணீர் தெறித்து அவள் முகத்தில் அடித்தது.

"உதை," என்றாள். "நல்லா உதை."

ரீங்காரம் உடைந்தது. கொசுக் குரல் போய்விட்டது. முனகல். ஒன்றல்ல, பல. ஆயிலைக் கிழித்துக்கொண்டு இன்னொரு ஜோடிப் பாதம் மேலே வந்தது. இன்னொன்று. சுவரோரம் இரண்டு. மூலையில் நாலு. தொட்டி நிறைய. எல்லா விரல்களும் விரிந்தன. காற்றைத் தேடின.

கேன் காலி. அடுத்ததைத் திறந்தாள்.

அப்போதுதான் அது வந்தது. பெரிய கால்களுக்கு நடுவில், இடுக்கிக்கொண்டு, கடைசியாக. அவள் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு ஜோடி. சின்னக் குதிகால். கீழேயிருந்து ஒரு பிள்ளையின் முனகல்.

கை நின்றது.

ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

"எம் மவளும் சின்னவதான்," என்று விஜிலா அந்தப் பாதங்களைப் பார்த்துச் சொன்னாள்.

கேனைக் கவிழ்த்தாள். ஆயில் அந்தச் சின்ன விரல்களுக்கு மேலே மெதுவாக மூடியது. பத்தும் விரிந்தன. வழுக்கின. மறுபடி விரிந்தன.