யாவ் வீட்டுப் பெண்ணுக்கு

"ஐயோ, என் பிள்ளையை எரிச்சிட்டாளே! உசுரோட இருக்கிற பிள்ளையை எரிச்சிட்டாளே, பாவி!"

கொல்லைப்புறத்திலிருந்து வந்த கூச்சலில், கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த பெய்ஜுவானின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. ஓரகத்தி லிமினின் குரல்தான் அது. ஆறு வயது மகள் டிங்டிங் கடுங்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்க, மூன்று நாளாக அங்கேயே கிடந்தவள், மாற்றுத் துணி எடுக்க இப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

செத்தவர்களுக்குப் படையல் போடும் ஏழாம் மாதத்துப் பௌர்ணமி அன்று. சாவ்சோ நகரமே வாத்து அவிப்பதும் சிவப்பு மாவுப் பணியாரம் சுடுவதுமாக அமளிப்பட, யாவ் குடும்பத்து வீட்டில் மட்டும் ஆளுக்கு ஆள் கால் ஓசை கேட்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். எந்த நேரத்தில் எந்தச் செய்தி வருமோ என்று எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிமின் புயலாக உள்ளே வந்தாள். அவள் கையில் பாதி எரிந்த காகிதப் பொட்டலம். கருகிய ஓரத்தின் வழியே ரோஜா நிறக் காகிதக் கவுன் ஒன்றும் ஒற்றைக் காகிதச் செருப்பும் எட்டிப் பார்த்தன. மேலே தூரிகையால் எழுதிய எழுத்து மட்டும் பாழாய்ப்போன நெருப்புக்குத் தப்பியிருந்தது. 'யாவ் வீட்டுப் பெண்ணுக்கு.'

"இந்த வீட்டுல பொண்ணுன்னா யாருடி? என் டிங்டிங்கை விட்டா வேற யாரு இருக்கா? சொல்லு! எரிக்கிற தகரத்துக்குள்ள இருந்து எடுத்தேன். இது உன் கையெழுத்துதானே?"

பெய்ஜுவான் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். "என் எழுத்துதான் அக்கா... ஆனா சத்தியமா டிங்டிங்குக்கு இல்லே..."

"பின்னே யாருக்கு?"

பெய்ஜுவான் குனிந்து, விழுந்த கரண்டியை எடுத்தாள்.

எரிக்கும் காகிதத் துணி போய்ச் சேர வேண்டியது செத்தவர்களுக்கு. பொட்டலத்தில் பேர் எழுதாவிட்டால் தெருவில் அலையும் நாதியற்ற ஆவிகள் பிடுங்கிக்கொள்ளும். உயிரோடிருப்பவர் பேரை எழுதிவிட்டாலோ, அவரை அந்தப் பக்கத்துக்கு அழைத்தது போலத்தான். இதெல்லாம் அந்த ஊரில் தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். யாவ் வீட்டில் உயிரோடிருந்த பெண் குழந்தையோ டிங்டிங் ஒருத்திதான்.

"பெத்திருந்தா பிள்ளையோட அருமை தெரியும்! வயித்துல ஒண்ணும் தங்கலேங்கிற வயித்தெரிச்சலை என் பிள்ளை மேல காட்டிட்டியே!"

அந்தச் சொல் பெய்ஜுவானின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. டிங்டிங்குக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்துச் சொன்னவளே அவள்தான். அந்தக் குழந்தைக்காக மூன்று நாளாக ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்தவளும் அவள்தான்... அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சத்தம் கேட்டு, பெய்ஜுவானின் கணவன் ஷாவ்வென் மாடியிலிருந்து இறங்கி வந்தான். பொட்டலத்தை வாங்கிப் பார்த்தவன் முகம் வெளுத்தது.

"யாருக்கு எரிச்சே? ஒரு பேரைச் சொல்லு, அண்ணி காலைப் பிடிச்சு நானே சமாதானம் பண்றேன்."

பேரா? அந்தப் பேர் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டாளா!

மாமனார் சாகக் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது அவள் மட்டும்தான். "எனக்கு முதல்ல ஒரு பொண்ணு பொறந்துச்சும்மா. ஆறு வயசுல போயிட்டா. கல்யாணம் ஆகாம போன பொண்ணுக்கு நம்ம வீட்டுப் பூஜை மாடத்துல முன்னோர்களோட இடமில்லேன்னு எங்கம்மா அவ பேரையே எடுக்க விடலை. வருஷத்துக்கு ஒரு சட்டையாவது எரிச்சுடும்மா... பாவம், வெறும் உடம்போட நிப்பா. ஆனா உங்கத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது. அந்தத் துக்கத்துல ஒரு நாள் ஆத்தை நோக்கி நடந்தவ அவ. இப்போ நெஞ்சு வலி வேற. தாங்க மாட்டா." அந்தப் பேரைச் சொல்லும் முன்பே மாமனாரின் மூச்சு நின்றுவிட்டது.

நேற்று மாலை அவள் எரித்தபோது தூறலில் நெருப்பு மங்கியது. குச்சியால் கிளறிவிட்டிருந்தால் முழுவதும் எரிந்திருக்கும். ஆனால் கிளறினால் போய்ச் சேரும் துணி கிழிசலாகத்தானே போய்ச் சேரும்? அந்தக் குழந்தைக்குக் கிழிந்த சட்டையா என்று மனசு கேட்காமல், தானாக எரியட்டும் என்று விட்டுவிட்டு வந்தாள். அந்த இரக்கமே இன்று வினையாக வந்து நின்றது.

லிமினின் செல்போன் அலறியது. எல்லாரும் அப்படியே உறைந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் புருஷன்.

"காய்ச்சல் இன்னும் இறங்கலியா... சரி... வர்றேன்..." போனை வைத்தவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "அத்தை! அத்தை! இங்கே வந்து பாருங்க! ஒண்ணு இவ இந்த வீட்டுல இருக்கணும், இல்லே நாங்க இருக்கணும்!"

பூஜை மாடத்தில் வாத்தும் பழமும் அடுக்கிக்கொண்டிருந்த மாமியார் சியூயிங் மெல்ல வந்தாள். பொட்டலத்தை வாங்கினாள். எழுத்தைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது.

கோபத்தில் வாயடைத்துப் போனாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அந்த நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பெய்ஜுவானுக்கு உயிரே போயிற்று. உண்மையைச் சொன்னால் மாமியார் போய்விடுவாள். சொல்லாவிட்டால் தன் வாழ்வு போய்விடும். எது போனாலும் பரவாயில்லை, பெரியவள் பிழைக்கட்டும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன் அத்தை. டிங்டிங் நல்லபடியா வரட்டும்... அது போதும் எனக்கு."

ஷாவ்வென் தலையைத் திருப்பிக்கொண்டான். அவனும் தடுக்கவில்லை.

"நில்லு." மாமியார் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து, கருகிய கவுனை மடியில் விரித்தாள். விரலால் சாண் போட்டுப் பார்த்தாள். "இது எந்த வயசுக்குன்னு கேட்டு வாங்கினே?"

"ஆறு வயசுக்கு, அத்தை..."

"உங்க மாமா சொன்னாரா?"

பெய்ஜுவான் ஓடி வந்து அவள் காலடியில் மண்டியிட்டாள். "வேணாம் அத்தை! ஒண்ணும் நினைக்காதீங்க! உங்க உடம்பு..."

"எத்தனை வருஷமா எரிக்கிறே?"

"மாமா போனதுலேர்ந்து..."

"எல்லாமே இந்த அளவா?"

அவள் தலையசைத்தாள்.

"அட அசடே!" கிழவி சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அவளுக்கு நாப்பது தாண்டிடுச்சுடி! அங்கேயும் பிள்ளைங்க வளரும்னு உனக்கு யாரும் சொல்லலியா? வருஷா வருஷம் சின்னச் சட்டையா அனுப்பினா, அவ எப்படிடி போட்டுக்குவா? எந்தக் கிறுக்கி அனுப்புறான்னு நினைச்சிருப்பாளே..."

"யாருக்கும்மா?" ஷாவ்வென் குழம்பிப்போய்க் கேட்டான்.

"உங்கக்காவுக்குடா. சுன்யாவுக்கு." அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதும் கிழவிக்கு நெஞ்சு வலிக்கவில்லை. பெருமூச்சுதான் வந்தது. "நான் தாங்க மாட்டேன்னு அவ நினைப்பை அவர் மறைச்சார். அவர் தாங்க மாட்டார்னு நான் மறைச்சேன். நடுவுல இந்தப் பொண்ணைப் பலி போட இருந்தோம்!"

லிமின் எழுந்து வந்து ஓரகத்தியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "பெய்ஜுவான்... நான் சொன்னது... அந்த வார்த்தை... என் நாக்கு அழுகிப் போகட்டும்!"

"பயத்துல சொன்னீங்க அக்கா. அந்த இடத்துல நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கஞ்சி தயாரா இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க. பிள்ளை கண்ணைத் திறந்தா உங்களைத்தான் தேடும்."

லிமின் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். பிறகு கஞ்சிப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஷாவ்வென் மனைவியின் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே கூசி நின்றான். அவனுக்கு இருக்கிறது, ராத்திரி வசவு!

படையலை அப்படியே மூடி வைத்துவிட்டு, மாமியாரும் மருமகளும் தெருக்கோடிக் காகிதக் கடைக்குப் போனார்கள். அவர்கள் கடைப் படி ஏறும்போது போன் வந்தது. காய்ச்சல் ஒரு படி இறங்கியிருக்கிறது, டாக்டர் முகத்தில் தெளிவு தெரிகிறது என்றாள் லிமின். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். பெய்ஜுவானுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆனாலும் இன்னும் ஒரு ராத்திரி தாண்ட வேண்டுமே!

"பொம்பளை உடுப்பா? ஆள் எப்படி? ஒல்லியா, தடியா?" என்று கேட்டாள் கடைக்காரி.

பெய்ஜுவான் தவித்துப் போனாள். ஆறு வயதில் போன குழந்தை எப்படி வளர்ந்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? பெற்றவளை இப்படியும் ஒரு கேள்வி கேட்பார்களா!

சியூயிங் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"ஒல்லி. என்னைவிட ஒரு பிடி உசரம். தோள் கொஞ்சம் இறக்கம். பச்சை நிறம்னா எடுப்பா இருப்பா. கழுத்து ஒட்டின சட்டை வேணாம், அவளுக்குப் புழுங்கும்."

"நேத்துதான் பார்த்துட்டு வந்த மாதிரி சொல்றீங்களே!" என்று கடைக்காரி சிரித்தாள்.

"தினமும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றாள் கிழவி.